மூன்றாவது காரணி

"ஏனுங்க சார், உங்க ஊட்ல மூணு பேருங்ளா?"

பூட்டு மாற்ற வந்தவர் வாசலில் மண்டியிட்டபடியே கேட்டார். பரணிதரன் காபி டம்ளரோடு அவர் பின்னால் நின்றிருந்தான்.

"இல்லீங்க. நானும் வீட்டுக்காரியும்தான்."

"குழந்தைங்க?"

"இல்ல."

அவர் கையிலிருந்த திரையைத் தட்டி இன்னொரு முறை பார்த்தார். "எண்ணூத்தித் தொண்ணூத்தொம்பது இலக்கம் காட்டுதுங்க. ரெண்டு பேருன்னா அறுநூறத் தாண்டாது. மூணு பேருன்னா பெரிய பூட்டுப் போடோணும், அதுக்கோசரந்தான் கேட்டேன்."

"பெரிய பூட்டே போடுங்க" என்றான் பரணிதரன். அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

கோவையில் சாவி என்ற பொருள் வழக்கொழிந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொருவருக்கும் பிறந்தவுடன் பதிவகம் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். முந்நூறு இலக்கம் கொண்ட பகா எண். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாதது. ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்குக் கிடையாது. அரிசி மணி அளவில் ஒரு சில்லில் அதை ஏற்றி வலது மணிக்கட்டின் தோலுக்கடியில் வைத்துவிடுவார்கள். அதுதான் உயிரெண். தன் உயிரெண்ணைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. பார்க்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

இருவர் ஒரே வீட்டில் குடியேறினால் பதிவகம் அவர்களுடைய எண்களைப் பெருக்கும். வரும் விடைக்கு மனையெண் என்று பெயர். அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, வாசலில் பலகையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். கதவில் கை வைத்ததும் பூட்டு அந்த மனையெண்ணைக் கை வைத்தவரின் எண்ணால் வகுத்துப் பார்க்கும். மீதி பூச்சியம் என்றால் திறக்கும். வந்தது யார், எப்போது வந்தார் என்பதையெல்லாம் பூட்டு குறித்துவைக்காது. சட்டம் அப்படி.

இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கண்ணிமைக்கும் வேலை. ஆனால் பெருக்கிய விடையை மட்டும் கொடுத்து, எந்த இரண்டைப் பெருக்கினாய் என்று கேட்டால் உலகத்தின் எந்தப் பொறியாலும் சொல்ல முடியாது. அந்த இயலாமையை நம்பித்தான் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியது.

எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது இலக்கம். அப்படியானால் மூன்று காரணிகள். தன் வீட்டுக் கதவு தனக்கும் நித்திலாவுக்கும் தவிர இன்னொருவருக்கும் திறக்கும்.

யாருக்கு என்று அவன் யோசிக்கவே இல்லை. பெயர் தானாக வந்தது. சிபி.

நித்திலா சிங்காநல்லூர் கால்நடை மருத்துவமனையில் மருத்துவர். சிபி அவளோடு வேலை செய்பவன். கன்று தலைமாறி நிற்கிறது, கழுத்தில் கயிறு இறுகிவிட்டது என்று எங்கிருந்து அழைப்பு வந்தாலும் இருவரும் ஒரே வண்டியில் போவார்கள். மூன்று வருடங்களுக்கு முன் பரணிதரன் தான் வேலை பார்க்கும் மோட்டார் கம்பெனியின் சோதனைத் தொட்டியில் மின்சாரம் தாக்கி நாற்பது நாள் மருத்துவமனையில் கிடந்தான். நித்திலா விடுப்பெடுத்துப் பக்கத்திலேயே இருந்தாள். நாற்பத்தோராம் நாள் அவள் வேலைக்குத் திரும்பியபோது, அவளை அழைத்துப்போக வாசலில் வண்டியோடு வந்தது சிபிதான். வீட்டில் படுக்கையில் இருந்தபடியே ஜன்னல் வழியாக அதைப் பார்த்தான் பரணிதரன். வண்டியில் ஏறும்போது அவள் சிரித்தாள். நாற்பது நாளாக அவன் பார்க்காத சிரிப்பு. அது அப்படியே நெஞ்சில் நின்றுவிட்டது.

அன்று மாலை நித்திலா வந்தபோது பூட்டு மாற்றியதைச் சொன்னான். இலக்கத்தைச் சொல்லவில்லை.

"பரவால்ல, வெரசா தொறக்குது" என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள்.

இவ்வளவு இயல்பாக ஒருத்தியால் பொய் சொல்ல முடியுமா என்று அவனுக்கு வியப்பாக இருந்தது. பிறகு, அவள் பொய் எதுவும் சொல்லவில்லையே என்பதும் நினைவுக்கு வந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

அடுத்த நாளிலிருந்து அவன் வீட்டை அளக்க ஆரம்பித்தான். வேலைக்குக் கிளம்புமுன் குடுவையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டான். ஊஞ்சல் நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, குளியலறைத் துண்டு எப்படி மடிந்திருக்கிறது என்று மனதில் எழுதிக்கொண்டான். திரும்பி வந்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். அதுவும் அவனை நிம்மதியாக விடவில்லை. வந்தவன் எவ்வளவு கவனமானவன் என்றுதான் தோன்றியது. பிற்பகல் மூன்று மணிக்குத் தொழிற்சாலையில் மோட்டார் உறுமும்போது, இந்நேரம் யாரோ என் நாற்காலியில் சாய்ந்திருக்கிறான், என் டம்ளரில் தண்ணீர் குடிக்கிறான் என்று நினைப்பான். முகத்தைக்கூட வரைந்து வைத்திருந்தான். அந்த முகத்துக்குச் சிபியின் மீசை.

பதிவகத்தில் கேட்கலாம்தான். காரணிகளின் விவரம் வேண்டுமென்றால் இருவரும் சேர்ந்து வந்து கை வைக்க வேண்டும். அதற்கு நித்திலாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் உஷாராகிவிடுவாள். அவளிடமே கேட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒன்றிரண்டு முறை வந்தது. கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்த இடத்தில் எண்ணம் அறுந்துவிடும்.

உக்கடத்தில் ஜெசிந்தா அக்காவின் கடை இருந்தது. பெட்டிப் பூட்டு, அலமாரிப் பூட்டு எல்லாவற்றுக்கும் எண் ஏற்றிக் கொடுப்பார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அங்கே போனான். வாசல் பலகையில் ஓடும் எண்ணை அப்படியே பதிந்துகொண்டு போயிருந்தான்.

"இந்த எண்ணுக்குள்ள நான் இருக்கேன், என் வீட்டுக்காரி இருக்கா, மூணாவதா ஒருத்தர் இருக்கார். அவர் யாருன்னு தெரியணும்."

ஜெசிந்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனைப் பார்த்தார். இதற்கு முன்பும் இப்படிப்பட்ட ஆட்களைப் பார்த்திருப்பார் போலிருந்தது. "எண்ண வெச்சு ஆளக் கண்டுபிடிக்க முடியாது தம்பி. ஆளக் கூட்டிட்டு வந்தா, அவருதானா இல்லையான்னு மட்டும் சொல்லலாம்."

"அது எப்படி?"

"உங்க கைய இதுல வைங்க. மனையெண்ண உங்க எண்ணால வகுத்துடறேன். வகுத்து வர்ற எண்ணுல நீங்க இருக்க மாட்டீங்க. உங்க வீட்டம்மாவும் அந்த மூணாவது ஆளும்தான் இருப்பாங்க. அந்த எண்ண ஒரு பெட்டியில போட்டுத் தர்றேன். அவங்க ரெண்டு பேரு மூடித் தட்டத் தொட்டாத்தான் பெட்டி திறக்கும்."

பரணிதரன் வகுத்தல்பொறியின் வழவழப்பான தட்டில் கை வைத்தான். மீதி பூச்சியம் என்று திரை காட்டியது. அதற்குக் கீழே ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது இலக்கத்தில் ஒரு நீண்ட எண் ஓடி நின்றது. ஜெசிந்தா அதை ஒரு சின்ன எஃகுப் பெட்டியில் ஏற்றி அவன் கையில் கொடுத்தார்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. உங்களுக்கு அவசரத்துக்கு வேணுங்கறது எதையும் இதுக்குள்ள வெச்சுப் பூட்டிடாதீங்க. உங்க கைக்குத் திறக்காது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிபியைச் சாப்பிடக் கூப்பிட்டான். நித்திலாவுக்கு ஆச்சரியம். "நெசமாவாங்க? அவரு இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள். அவள் முகம் மலர்ந்ததை அவன் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

அரிசிம்பருப்புச் சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும். சிபி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். மேட்டுப்பாளையத்தில் ஓர் எருமை தன்னைச் சேற்றில் தள்ளிவிட்டு மேலே ஏறி நின்ற கதையைச் சொன்னான். நித்திலா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பரணிதரனும் சிரித்தான், சிரித்தபடியே சிபியின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல வலுவான கை. விரல் நுனிகளில் மருந்துக் கறை.

சாப்பிட்டு முடித்ததும் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"கம்பெனியில புதுசா ஒரு பூட்டு குடுத்தாங்க. குலுக்கல் மாதிரி. சில பேர் கைக்குத்தான் திறக்குமாம். உள்ள மைசூர்பாகு இருக்கு. திறக்கறவங்களுக்கு."

நித்திலா விளையாட்டாகக் கை நீட்டித் தொட்டாள். டக்கென்று மூடி எழும்பியது. "எனக்குத்தான்!" என்று பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். அவன் மூடியை விளிம்பில் பிடித்துத் திரும்ப அழுத்திவிட்டுப் பெட்டியைச் சிபியின் பக்கம் தள்ளினான்.

சிபி கையை வைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தான். மணிக்கட்டைத் திருப்பி வைத்தான். "நமக்கு அதிர்ஷ்டம் இல்லீங்க" என்று சிரித்துவிட்டு, நித்திலா நீட்டிய துண்டை வாயில் போட்டுக்கொண்டான்.

அவன் போன பிறகு பரணிதரன் மொட்டை மாடியில் போய் நின்றான். நிம்மதி வர வேண்டும். வரவில்லை. இத்தனை நாள் பொறாமைக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு மீசை இருந்தது. இப்போது அந்த முகமும் கழன்று விழுந்துவிட்டது. கீழே சாலையில் போன ஒவ்வொரு ஆணும் மூன்றாவது ஆளாக இருக்கலாம்.

அதன் பிறகு பெட்டி எப்போதும் அவனோடு இருந்தது. நித்திலாவின் தங்கை புருஷனைத் தொடச் சொன்னான். எதிர்வீட்டுக்காரரைத் தொடச் சொன்னான். அவள் வாரம் இருமுறை போகும் நீச்சல் குளத்தின் பயிற்சியாளர், அவள் கல்லூரித் தோழன், வீட்டுக்குப் பால் கொண்டுவருபவர், கண் மருத்துவர் என ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது கை நீட்டும்போது அவன் மூடியையே பார்த்தான். திறக்காதபோது ஏமாற்றமாக இருந்தது. தான் எதற்கு ஏமாறுகிறோம் என்று ஒரு நாள் யோசித்தான். திறக்க வேண்டும் என்றுதான் அவன் விரும்பினான். யாராவது ஒருவன் கிடைத்தால் போதும் என்று இருந்தது. மூன்று வாரத்தில் நாற்பத்தொரு பேர். அவன் தெருவில் நடந்தால், பெட்டிக்காரர் போகிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் நித்திலா இல்லாத நேரம் பார்த்து அவள் மருத்துவமனைக்கே போனான். கம்பவுண்டர், காவலாளி, தீவனம் இறக்க வந்தவர்கள் வரை எல்லோரையும் வரிசையாகத் தொடவைத்தான்.

மறுநாள் காலை. நித்திலா வேலைக்குக் கிளம்பவில்லை. அவன் தொழிற்சாலைக்குப் போகப் பெட்டியைப் பையில் வைத்தபோது எதிரே வந்து நின்றாள்.

"அந்தப் பெட்டிய வெளிய எடுங்க."

"எதுக்கு?"

"கம்பவுண்டரண்ணன் சொன்னாரு. டாக்டரம்மா, உங்க ஊட்டுக்காரரு வந்து எங்க எல்லார் கையையும் பாத்துட்டுப் போனாருன்னு. எனக்கு எங்க போய் மூஞ்சிய வெச்சுக்கறதுன்னு தெரியல. என்ன எண்ணு போட்டிருக்கறீங்க அதுல?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. இத்தனை வாரமாகச் சேர்ந்திருந்ததெல்லாம் அவன் வாயில் ஒரே மூச்சில் வந்தது. "நம்ம மனையெண்ணுதான். என்னைய வகுத்து எடுத்துட்டு வந்த எண்ணு. எண்ணூத்தித் தொண்ணூத்தொம்பது இலக்கம் நித்திலா. மூணு பேர். யாரு அந்த மூணாவது ஆளு? யாருக்காக இந்த வீட்டைத் திறந்து வெச்சிருக்க?"

அவள் முகத்தில் பயம் தெரியும் என்று எதிர்பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஊர்ல இருக்கற எல்லாரையும் தொடச் சொன்னீங்களே. நீங்க தொட்டுப் பாத்தீங்களா?"

"எனக்குத் திறக்காது. என் எண்ணைத்தான் எடுத்தாச்சே."

"தொடுங்க."

"நித்திலா—"

"தொடுங்கன்னு சொல்றேன்."

பரணிதரன் பெட்டியின் மேல் கை வைத்தான். டக்கென்று மூடி எழும்பியது.

அவனுக்குப் புரியவில்லை. பூட்டுப் பழுது என்று நினைத்து மூடிவிட்டு மறுபடி வைத்தான். மறுபடி திறந்தது.

"மூணாவதும் நீங்கதான்" என்றாள் நித்திலா. "உங்க எண்ணு அதுல ரெண்டு தடவ இருக்குது. ஒரு தடவ வகுத்தா ஒண்ணுதான் போகும். இன்னொரு தடவ வகுத்துப் பாக்கோணும்னு உங்களுக்கும் தோணல, அந்தக் கடைக்காரங்களுக்கும் தோணல."

"ரெண்டு தடவையா? எதுக்கு?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஆஸ்பத்திரியில சேத்த மூணாவது நாள் உங்க இதயம் நின்னுபோச்சு. ஆறு நிமிசம். அங்கிருந்த பொறி உடனே பதிவகத்துக்குச் சேதி அனுப்பிருச்சு. இறந்தவங்க எண்ண மனையெண்ணுலருந்து வகுத்து எடுக்கறது தன்னால நடக்கும். அப்புறம் உங்களுக்கு மூச்சு வந்துருச்சு. நான் துணி எடுக்க வீட்டுக்கு வந்தா, வாசப் பலகையில வேற எண்ணு ஓடுது, உங்க எண்ண எடுத்துட்டாங்க. நீங்க உசுரோட இருக்கறீங்க, வீட்ல நீங்க இல்ல. அப்படியே படியில உக்காந்துட்டேன்."

பரணிதரன் கையிலிருந்த பெட்டியை மேசைமேல் வைத்தான்.

"பதிவகத்துக்குப் போய்த் திரும்பச் சேருங்கன்னேன். டாக்டரு வேற, இதயம் இன்னொருக்கா நின்னாலும் நிக்கும்னு சொல்லியிருந்தாரு. அதனால ரெண்டு தடவ பெருக்குங்கன்னு சொன்னேன். ஒண்ண எடுத்தாலும் இன்னொண்ணு நிக்கட்டும்னு. இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லீங்கம்மான்னாங்க. சட்டத்துல கூடாதுன்னும் இல்லைன்னாங்க. பெருக்கிக் குடுத்தாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"செத்துப் பொழச்சீங்கன்னு எப்படிங்க சொல்றது? அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருந்தாரு. அப்புறம் நாளாக நாளாக அதை நினைக்கவே எனக்குப் பிடிக்கல."

அவன் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். "தப்புப் பண்ணிட்டேன்" என்றான்.

"சந்தேகம் யாருக்கும் வரும். என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க நாப்பது அம்பது பேரக் கேட்டீங்க, என்னையக் கேக்கல. சிபி வந்தன்னைக்கு எனக்குப் பெட்டி திறந்துச்சே, அப்ப என் மூஞ்சியக்கூட நீங்க பாக்கல. அவரு கையவே பாத்துட்டு இருந்தீங்க." அவள் எழுந்துகொண்டாள். "இனி நான் சிரிச்சா யாரக் கூட்டிட்டு வந்து தொடச் சொல்லுவீங்களோன்னு இருக்கோணும். என்னால ஆகாதுங்க."

அன்று பிற்பகலே அவள் பதிவகத்துக்குப் போய் மனையெண்ணிலிருந்து தன் எண்ணை வகுத்து எடுத்துக்கொண்டாள். அதற்கு அவன் ஒப்புதல் தேவையில்லை. தன்னை எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. இரண்டு பைகளோடு மருத்துவமனைக் குடியிருப்புக்குக் குடிபோனாள். வாசல் பலகையில் எண் ஒரு வரி சுருங்கியிருந்தது. ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது இலக்கம்.

ஒன்பது நாள் அவன் அவளைத் தொலைபேசியில் அழைத்தான். அவள் எடுத்தாள், பேசினாள், திரும்பி வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. பத்தாம் நாள் அவன் பதிவகத்துக்குப் போனான். அவள் என்றைக்கு மனம் மாறினாலும் உடனே சேர்த்துவிடுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

முகப்பில் இருந்த பெண் அதிகாரி அவன் மனையெண்ணைத் திரையில் எடுத்தார். எதையோ தட்டினார். அவர் புருவம் சுருங்கியது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சார், இந்த வீட்டுல இப்ப எத்தன பேர்?"

"நான் மட்டும்தான்."

"தனி ஆளா இருந்தா நாங்க ஒரு காவல் எண்ணச் சேத்துப் பெருக்கிக் குடுப்போம். இல்லைன்னா உங்க உயிரெண்ணே வாசப் பலகையில வந்துருமே. ஆனா உங்களுதுல காவல் எண்ணு இல்ல. பொறி இலக்கத்த மட்டும் எண்ணியிருக்குது. ஐந்நூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னதும் ரெண்டு பேர் இருக்காங்கன்னு விட்டுருச்சு."

"அதனால என்னங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க எண்ணு ஒரு முழு வர்க்கம் சார். உங்களையே உங்களால பெருக்குனது. ரெண்டு வெவ்வேற ஆளுங்க எண்ணப் பெருக்கியிருந்தா யாராலயும் பிரிக்க முடியாது. முன்னாடி உங்க வீட்டம்மா எண்ணு உள்ள இருந்தவரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப வர்க்கமூலம் எடுத்தாப் போதும். காகிதமும் பொறுமையும் இருந்தா கையாலயே போட்டுடலாம். பொறிக்கு நொடிகூட வேண்டாம்." திரையை அவன் பக்கம் திருப்பினார். முந்நூறு இலக்கத்தில் ஓர் எண் நின்றது. பரணிதரன் தன் உயிரெண்ணை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தான்.

"இதை யாராச்சும் ஒரு வெத்துச் சில்லுல ஏத்துனா அவங்கதான் நீங்க. வீடு, வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் திறக்கும். இப்படி வர்க்க எண்ணு தேடி ஊர் முழுக்கப் பலகையப் படிச்சுட்டே சுத்தறவங்க இருக்காங்க சார். எத்தன நாளா இப்படி இருக்குது?"

"ஒன்பது நாள்" என்றான்.

அதிகாரி பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார்.

"புது எண்ணு குடுக்க முடியாதுங்களா?"

"ஓர் உயிருக்கு ஓர் எண்ணுதான். காவல் எண்ணு இன்னைக்கே போட்டுடறேன். ஆனா வெளிய போனது போனதுதான். இந்த உயிரெண்ண வெச்சு இனி உங்களால தனியா எதையும் பூட்டி வெக்க முடியாது. ஒரு கதவு திறக்க ரெண்டு பேர் கையும் சேந்து வேணும்னு கூட்டுப்பூட்டுப் போடலாம், அது ஒண்ணுதான் வழி. கூட ஒருத்தர் வந்து கை வெக்கணும். தினமும், போகும்போதும் வரும்போதும்." அவர் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். "அப்படி யாராச்சும் இருக்காங்களா சார்?"

பரணிதரன் படிவத்தை நிரப்பாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நாலு மணி வெயில் வராந்தா முழுக்கக் கிடந்தது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. காலையில் சாத்திவிட்டுத்தான் போனான், அது நன்றாக நினைவிருந்தது.

உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. திறக்கக்கூடியவர்கள் இப்போது ஊர் முழுக்க இருந்தார்கள். அது அவனுக்குத் தெரியும். தன் எண்ணை எடுத்துக்கொண்டவளின் கைக்கு அது திறக்காது என்பதும் தெரியும். இருந்தும் அவன் கூப்பிட்டது ஒரே பெயரைத்தான்.

"நித்திலா?"

நாற்காலிச் சத்தம் நின்றது. பதில் வரவில்லை.